அரை உருண்டைக் களி

ஹோசூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. சிப்காட் பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாக ஷிப்ட் வேலை பார்க்கிறவர். நல்ல ஆகிருதி. மரியாதைக்காக ஆகிருதி என்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் எடை 128 கிலோ. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு முட்டல் எல்லாம் சேர்ந்து மிரட்டவே, பெங்களூருக்குப் போய் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டு வந்தார். ஒரே வருஷத்தில் 84 கிலோவுக்கு இறங்கினார். பழைய சட்டைக்குள் தாமும் தம் மகனுமாக நுழைந்து நின்று ஒரு புகைப்படம் கூட எடுத்துக்கொண்டார்.

சென்ற தை மாதம் அவர் வீட்டில் இராச் சாப்பாடு. ராகிக் களியும் அவரைக் கொட்டைக் குழம்பும். பேச்சு சுவாரஸ்யத்தில் மனிதர் ஒரு முழு உருண்டையையும் தின்று முடித்துவிட்டார். தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஆபரேஷனுக்கு அப்புறம் முழு உருண்டை உள்ளே போனது இதுதான் முதல் தடவை. எடையும் 93 ஆயிடுச்சு. வயிறு மறுபடியும் விரிஞ்சிடுச்சோ? நாலு பேர்கிட்டே விசாரிச்சு எழுதறவரு நீங்க. சொல்லுங்க, எழுத்தாளரே!"

அவர் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவருக்கோ கணவர் வயிறாரச் சாப்பிட்டதில் உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சந்தோஷமே ஒரு குற்றம் போல் ஆகிவிட்டதே என்ற சங்கடம் வேறு.

நான் வைத்தியம் படித்தவன் அல்ல. கல்லூரியையே பாதியில் விட்டவன். ஆனாலும் ஊர் திரும்பியதும் விஷயத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என் சிநேகிதருடைய கேள்வி அவருடையது மட்டுமல்ல என்று தெரிந்தது. இந்த ரண சிகிச்சை வளர்ந்த கதையே அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து வளர்ந்த கதைதான்.

முதலில் இரைப்பையின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். வெறுமையாக இருக்கும்போது அது மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும் ஒரு சிறு பை. அரை டம்ளர் கூடக் கொள்ளாது. சோறு இறங்க இறங்க மடிப்புகள் பிரிந்து, ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை இடம் கொடுக்கும். நாம் விழுங்கும்போதே அது தானாக இளகி விரிகிறது என்பதை 1911-ல் அமெரிக்காவில் வால்டர் கானன் என்பவர் கண்டு சொன்னார். இப்படி அதிகமாக இளகுவது மேற்புறத்திலே இடது பக்கம் குடை போல் கவிந்திருக்கும் பகுதி. இந்தக் குடையை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்; கதையின் வில்லன் அதுதான்.

பருமனைக் கத்தியால் குறைக்கும் முயற்சி 1954-ல் மின்னசோட்டாவில் வெளியுலகுக்குத் தெரிந்தது. கிரெமன், லின்னர் முதலிய வைத்தியர்கள் இரைப்பையைத் தொடவில்லை. சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கிவிட்டு மிச்சத்தை இணைத்தார்கள். உணவு உடம்பில் ஒட்டாமல் போகும் என்பது கணக்கு. எடை குறைந்தது வாஸ்தவம். ஓயாத பேதியும் ஈரல் கேடும் கூடவே வந்தன. பின்னால் அதைக் கைவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் அயோவாவைச் சேர்ந்த எட்வர்ட் மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பெண்கள் பிறகு எளிதில் சதை போடுவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். 1966-ல் இட்டோ என்ற சகாவோடு, இரைப்பையைக் குறுக்கே பிரித்து, மேல் பகுதியை ஒரு சிறு பையாக்கிக் குடலோடு இணைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் அவர் மிச்சம் வைத்தது எந்தப் பகுதியை? அதே குடையை! அது தன் சுபாவப்படி விரியத் தொடங்கிற்று. பையை இன்னும் சிறிதாக்கிப் பார்த்தார். 1971-ல் குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் குறுக்கே பிரித்துப் பார்த்தார். அங்கேயும் பையும் அதன் வாசலும் விரிந்துகொடுத்தன. கடைசியில் 1980-ல், குறுக்கே அல்ல, நெடுக்கே பிரித்தார். வலப்பக்க ஓரத்துச் சுவர் தடிப்பு, எளிதில் இளகாது. வாசலைச் சுற்றி ஒரு செயற்கை வலைப் பட்டையையும் மாட்டினார். பதினான்கு வருஷம் ஒரு மனிதர் ஒரு பையின் விரிவோடு மல்லாடியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அவர்மேல் ஒரு வாஞ்சையே உண்டாயிற்று. நூறு வயது வாழ்ந்து 2020-ல் காலமானார்.

பட்டை மாட்டியும் முழு வெற்றி இல்லை. கட்டிச் சோறு நுழையாத வாசலில் இளகிய ஐஸ்கிரீமும் இனிப்புப் பானமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டன!

என் சிநேகிதருக்குச் செய்தது இவற்றில் எதுவும் இல்லை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நெடுக வெட்டி வெளியே எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. இது பிறந்ததே தற்செயலாகத்தான். இன்னும் பெரிய ஒரு சிகிச்சையின் முதல் பாதி இது. அளவுகடந்த பருமனுள்ளவர்கள் முழுச் சிகிச்சையை ஒரே தடவையில் தாங்க மாட்டார்கள் என்று, 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் மிஷேல் காக்னே முதலியவர்கள் இதை மட்டும் முதலில் செய்து, மறுபாதியைத் தள்ளிப்போட்டார்கள். பலருக்கு மறுபாதி தேவையே படவில்லை. காரணம், இதில் குடை முழுவதும் போய்விடுகிறது. அது விரிகிற இடம் மட்டுமல்ல. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு மிகுதியாகப் பிறக்கும் இடமும் அதுவே. ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலினைக் கண்டுபிடித்தது 1999-ல்தான்.

அப்படியானால் அந்தக் குழாய் விரியாதா? விரியும், கொஞ்சம். புண் ஆறி வீக்கம் வடிந்த பிறகு முதல் மாதத்தைவிடக் கூடுதலாக இறங்குவது இயல்பு. சில வருஷம் கழித்துப் படமெடுத்துப் பார்த்த வைத்தியர்கள், குழாய் அகன்றிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அகன்றவர்கள் எல்லோருக்கும் எடை திரும்பவில்லை. எடை திரும்பியவர்கள் எல்லோருக்கும் குழாய் அகன்றிருக்கவும் இல்லை. வெட்டியெடுத்த பை மறுபடி முளைப்பதும் இல்லை.

பிறகு எடை எங்கிருந்து வருகிறது? இதற்கும் மின்னசோட்டாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1945-ல் அங்கே ஆன்ஸெல் கீஸ் என்பவர், சம்மதித்து முன்வந்த 36 வாலிபர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டது. மறுபடி சாப்பாடு கிடைத்ததும் சிலர் வயிறு கொள்ளாத அளவு தின்றும் பசிக்கிறது என்றார்கள். இழந்ததை உடம்பு மறப்பதில்லை.

மேல் நாட்டுக் கதை எதற்கு? 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது ஹோசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. மறு வருஷம், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் படி அளந்தார். போதாது, மனிதன் செத்துப்போவான் என்று சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். ராஜாஜி தொரப்பள்ளியில் பிறந்தது 1878-ல், அந்தப் பஞ்சம் ஓயும் சமயத்தில். அப்படிப்பட்ட மண்ணில், தட்டில் மிச்சம் வைக்காதே என்று பாட்டி சொல்லி வளர்ந்தவர் என் சிநேகிதர்.

மாசியில் மறுபடி போனபோது, படித்ததையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். பிறகு மெல்லக் கேட்டேன்: "ராத்திரி ஷிப்டிலே என்ன சாப்பிடறீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "டீ. நாலஞ்சு தடவை. கூட ரெண்டு கடலை உருண்டை... மிக்ஸர்... அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா?"

"அண்ணா, டீயிலே சர்க்கரை ரெண்டு ஸ்பூன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெங்களூர் டாக்டரிடம் போய் ஒரு தடவை படமெடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இலை போட்டார்கள். அம்மையார் ஒரு உருண்டையை எடுத்து வந்து, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவர் இலையிலும் மறு பாதியை என் இலையிலும் வைத்தார். என்னையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.