இரும்பு வீடும் எங்கட வளவும்

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்றார்கள். ஆர்செலர் மிட்டல் பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தும். ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபா. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டமோ ஐந்தரை இலட்சத்தை வங்கியில் தவணையாகப் போட்டு, நீங்களே கட்டுங்க என்றது. (அதிலும் கடன்பட்டவர்கள் உண்டு, மறைக்கேலாது.)

எங்கட ஓட்டமாவடிப் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணமென்றால் உம்மாவும் வாப்பாவும் பின்னால பத்தி இறக்கி ஒதுங்குவாங்க. அடுத்த குமருக்கு அதே வளவில் இன்னொரு சுவர் எழும்பும். கல்வீட்டில் ஊர் மேசன் அதைச் செய்வார். இரும்புத் தகட்டில் யார் செய்வது? விறகடுப்புக்கு வசதியில்லை என்ற முறைப்பாடும் அப்போதே எழுந்தது.

கதவும் ஜன்னலும் கூரைச்சட்டமும் ஒரே அளவில் தொழிற்சாலையிலிருந்து வரட்டும், நாங்கள் அதற்கு எதிரியில்லை. சுவர் எங்கே என்பதை வீட்டுக்காரி சொல்லணும். அந்த 65,000 பிறகு நடக்கவேயில்லை.