காத்திருந்தவரும் காசு வைத்திருந்தவரும்

நம் ஊர்களில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் 'தர்மாஸ்பத்திரி'. அந்தப் பெயருக்குள் ஒரு பெருமையும் இருக்கிறது, ஒரு சங்கடமும் இருக்கிறது. தர்மம் என்றால் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். தர்மமாகக் கிடைக்கும் வைத்தியத்துக்கும் அதே நியாயந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கக் கூடாது. டாக்டர் வருகிறபோது வருவார்.

இந்தப் பெயரையே அழித்துவிட வேண்டும் என்று ஒரு தேசம் முயன்றது. வைத்தியம் தர்மமல்ல, பிரஜையின் உரிமை என்று சட்டம் செய்தது. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் எவ்வளவு காலம் வரிசையில் நின்றார்கள், வரிசையை விட்டு விலகி யார் யார் எங்கே போனார்கள் என்பது ஒரு சுவையான சரித்திரம். கொஞ்சம் வேதனையான சரித்திரமுங்கூட. அந்தத் தேசம் பிரிட்டன்.

பழைய லண்டனிலும் தர்மாஸ்பத்திரிகள் இருந்தன. பிரபுக்களும் வர்த்தகர்களும் சந்தா கொடுத்து நடத்தியவை அவை. சந்தா கொடுத்தவருக்கு ஒரு சலுகை உண்டு: வருஷத்துக்கு இத்தனை நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கடிதம் கொடுக்கலாம். கடிதம் இல்லாதவனுக்குக் கதவு திறப்பது அபூர்வம். ஆகவே வியாதிக்காரன் முதலில் தேடவேண்டியது டாக்டரை அல்ல, சிபார்சை! இதைப் படிக்கும் நேயர்கள் சிலர் புன்னகை செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நமக்கும் சிபார்சுக்கும் அறிமுகம் தேவையில்லை.

வில்லியம் மார்ஸ்டன் என்ற சர்ஜன், ஹோல்பர்ன் பகுதியில் ஒரு மாதாகோயில் படிக்கட்டில் சாகக் கிடந்த இளம் பெண்ணைக் கண்டார் என்றும், எந்த ஆஸ்பத்திரியும் கடிதமில்லாமல் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லுகிறார்கள். அந்த மனவேதனையில் 1828-ல் அவர் தொடங்கியதுதான் 'ராயல் ஃப்ரீ' மருத்துவமனை. சிபார்சும் வேண்டாம், காசும் வேண்டாம், வியாதி ஒன்றே போதும் என்பது அதன் கொள்கை. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இலவசம் என்றதும் கூட்டம் பெருகிற்று. கொடுக்கச் சக்தியுள்ளவர்களும் ஏழைகளோடு வந்து நிற்கிறார்களோ என்ற சந்தேகம் வந்தது. 1895-ல் அதே ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். வருகிறவர்களில் யார் மெய்யான ஏழை என்று விசாரித்துத் தரம் பிரிப்பது அவருடைய உத்தியோகத்தில் ஒரு பகுதி. சிபார்சுக் கடிதம் கேட்கக்கூடாது என்று பிறந்த இடத்திலேயே வருமான விசாரணை புகுந்துவிட்டது.

1911-ல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்புறுதிச் சட்டம் இந்த நிலைமையைப் பாதி மாற்றிற்று. தொழிலாளி வாரம் நாலு பென்ஸ், முதலாளி மூன்று பென்ஸ், சர்க்கார் இரண்டு பென்ஸ். பதிலுக்கு டாக்டரும் மருந்தும் உண்டு. ஆனால் தொழிலாளிக்கு மட்டுமே! அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் இல்லை. வீட்டிலே புருஷனுக்கு ஜுரம் வந்தால் டாக்டர் வருவார். மனைவிக்கு வந்தால் கஷாயந்தான்.

இனி நம்மைப் போன்ற கதைப் பிரியர்களுக்கு உகந்த கட்டம். தெற்கு வேல்ஸில் டிரெடிகார் என்று ஒரு சுரங்க ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பவுனுக்கு இத்தனை பென்ஸ் என்று கொடுத்துத் தாங்களே ஒரு வைத்திய உதவிச் சங்கம் நடத்தினார்கள். அவர்களே டாக்டரை நியமித்தார்கள். மனைவி மக்களுக்கும் வைத்தியம் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு வேலைக்கு வந்த ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் பிற்பாடு லண்டன் சென்று வசதியான நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அதற்கும் பிற்பாடு வைத்தியத்தையே விட்டுவிட்டு நாவல் எழுதினார். அவர்தான் ஏ. ஜே. குரோனின். 1937-ல் வெளிவந்த அவருடைய 'சிட்டாடல்' நாவலை நான் மாணவனாக இருந்தபோது ஒரே மூச்சில் படித்தேன். சுரங்க ஊரில் உண்மையாக உழைத்த டாக்டர், லண்டனில் பணக்கார நோயாளிகளின் கற்பனை வியாதிகளுக்குப் பில் போட்டுப் போட்டு எப்படித் தேய்ந்து போகிறான் என்பது கதையின் சாரம். 1971-ல் ஹிந்தியில் 'தேரே மேரே சப்னே' என்று வந்த படத்துக்கும் அந்த நாவல்தான் மூலம்.

அதே டிரெடிகாரில், அதே சங்கத்தின் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்த இன்னோர் இளைஞர் அனைரின் பெவன். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். தகப்பனாரைச் சுரங்கத் தூசி நோய்க்குப் பறிகொடுத்தவர். குரோனின் அந்த ஊரைக் கதையாக்கினார் என்றால், பெவன் அந்த ஊரைச் சட்டமாக்கினார் என்று சொல்லலாம். 1945-ல் சுகாதார மந்திரியானதும், டிரெடிகாருக்குக் கிடைத்தது தேசத்துக்கே கிடைக்கட்டும் என்று கிளம்பினார்.

எதிர்த்தவர்கள் யார்? டாக்டர்களே! 1948 பிப்ரவரியில் அவர்களுடைய சங்கம் வாக்கெடுப்பு நடத்தியபோது பத்துக்கு ஒன்பது பேர் புதிய திட்டம் வேண்டாம் என்றார்கள். பெவன் சண்டைக்காரர்தான், ஆனால் கணக்குத் தெரிந்த சண்டைக்காரர். பெரிய சர்ஜன்களைத் தம் பக்கம் இழுக்க ஓர் ஏற்பாடு செய்தார். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டே அவர்கள் சொந்த வைத்தியமும் பார்க்கலாம். போதாதற்கு, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குள்ளேயே காசு கொடுக்கும் நோயாளிகளுக்கென்று சில படுக்கைகளை ஒதுக்கிக் கொள்ளலாம். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று பெவன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தத் தங்கத்தின் கதையைத்தான் நாம் தொடர்ந்து பார்க்கப் போகிறோம்.

1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சேவை பிறந்தது. அதற்கு முதல் நாள் இரவு வேல்ஸில் ஆமன் வேலி ஆஸ்பத்திரியில் ஒரு தாய் பிரசவ வேதனையில் இருந்தாள். நள்ளிரவு தாண்டினால் பிரசவம் இலவசம். "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று மருத்துவச்சிகள் அவளைத் தடுத்து வைத்தார்களாம். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்தில் குழந்தை பிறந்தது. பெவனின் நினைவாக அதற்குப் பெயரும் வைத்தார்கள். இலவச வைத்தியத்தின் முதல் குழந்தையே காத்திருந்து பிறந்த குழந்தை என்பதைப் பார்த்தீர்களா!

முதல் வருஷத்திலேயே ஐம்பது லட்சம் ஜோடி மூக்குக்கண்ணாடி போயிற்று. பல் வைத்தியரிடம் கூட்டம் நெரிந்தது. ஜனங்கள் பேராசைக்காரர்கள் என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வருஷம் அரைப் பார்வையோடு ஊசியில் நூல் கோத்த கிழவி ஒருநாள் கண்ணாடி வாங்கிக்கொண்டால் அது பேராசையா? செலவு ஏறவே, 1951-ல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்று சர்க்கார் முடிவு செய்தது. பெவன் மந்திரி பதவியை உதறிவிட்டு வெளியேறினார். மறு வருஷம் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வந்தது.

கண்ணாடியும் மருந்தும் கிடைத்தன. ரண சிகிச்சைதான் கிடைக்கவில்லை. சேவை தொடங்கிய காலத்திலேயே ஆஸ்பத்திரிப் படுக்கைக்காகக் காத்திருந்தவர்கள் சுமார் ஐந்து லட்சம். குடலிறக்கம், கண்புரை, சுருள் நரம்பு, தேய்ந்த மூட்டு - உடனே உயிரை வாங்காத, ஆனால் உயிரோடு இருப்பதையே அலுப்பாக்கும் வியாதிகள். உயிர்போகும் அவசரம் என்றால் அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். அவசரமில்லாதவன் மாதக்கணக்கில் காத்திருந்தான்.

இங்கேதான் பெவனின் தங்கம் வேலை செய்தது. வரிசையில் நிற்பவர் பெரிய சர்ஜனைப் பார்க்க எட்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தால் அதே சர்ஜன், அதே கத்தி, சில சமயம் அதே கட்டடம் - அடுத்த வாரமே ஆகும்! காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான். வரிசை நீளமாக இருப்பதில் அந்த சர்ஜனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாரும் அப்படி எண்ணினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலோர் உண்மையாக உழைத்தவர்கள். ஆனால் நல்லவனுக்கும் சபலம் உண்டாகும்படி ஓர் ஏற்பாட்டை அமைத்துவிட்டு, பிறகு மனிதனைக் குறை சொல்லுவது நியாயமல்ல.

வரிசையைப் பற்றி மனம்விட்டு எழுதிய மந்திரி ஒருவர் உண்டு. 1960 முதல் 1963 வரை சுகாதார மந்திரியாக இருந்த ஈனோக் பவல். விலையில்லாத பொருளுக்குத் தேவை எல்லையில்லாமல் வளரும், விலை செய்யவேண்டிய வேலையை அங்கே வரிசை செய்கிறது என்பது 1966-ல் அவர் எழுதிய நூலின் வாதம். வாதம் கூர்மையானது. ஆனால் கண்புரையும் குடலிறக்கமும் விலையில்லை என்பதற்காக யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளும் பொருள்கள் அல்லவே!

அவர் காலத்திலும் அதற்குப் பின்னும் அந்த ஆஸ்பத்திரிகளைத் தூக்கி நிறுத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற டாக்டர்கள், அந்த ஊர்க்காரர்கள் விரும்பாத முதியோர் வைத்தியத்திலும் மனநோய் விடுதிகளிலும் வேல்ஸ் சுரங்க ஊர்களிலும் போய் அமர்ந்தார்கள். 1968-ல் குடியேற்றத்தை எதிர்த்துப் புயல் கிளப்பிய பேச்சைப் பேசியவரும் அதே பவல்தான். அங்கே வரிசையைக் குறைக்கப் போன டாக்டர்கள் இங்கே விட்டுச்சென்ற நாற்காலிகளின் முன் நம்மவர்கள் நின்ற வரிசையை யார் எண்ணினார்கள்?

1974-ல் லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் சிப்பந்திகள் கலகம் செய்தார்கள். மேல்மாடியில் காசு நோயாளிகளுக்குத் தனிச் சொகுசு, கீழே மற்றவர்கள். காசு நோயாளிகளுக்கு இனி நாங்கள் ஊழியம் செய்யமாட்டோம் என்றார்கள் சமையற்காரர்களும் துப்புரவுக்காரர்களும். மந்திரி பார்பரா காஸில் கட்டணப் படுக்கைகளை ஒழிக்கப் புறப்பட்டார். பெரிய டாக்டர்கள் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் 1976-ஆம் வருஷச் சட்டம், நாலாயிரத்துக்கு மேற்பட்ட கட்டணப் படுக்கைகளில் ஆயிரத்தை எடுத்தது. விளைவு? காசுக்காரர்கள் வரிசைக்குத் திரும்பவில்லை. அவர்களுக்கென்று வெளியே தனி ஆஸ்பத்திரிகள் எழும்பின. தனியார் வைத்தியக் காப்புறுதி செழித்தது. மாடியிலிருந்து இறக்கப்பட்டவர்கள் அடுத்த தெருவில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1979-ல் வரிசை ஏழரை லட்சம்.

அப்படியானால் வரிசை ஒருநாளும் குறையாதா? குறைந்தது. அதுதான் இந்தச் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் காத்திருக்கக் கூடாது என்று 1991-ல் ஒரு வாக்குறுதி பிறந்தது. இரண்டு வருஷம் என்பதே ஒரு வாக்குறுதியாக இருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். 2000-க்குப் பிறகு சர்க்கார் மெய்யாகவே பணத்தைக் கொட்டிற்று, தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இடம் வாங்கித் தன் நோயாளிகளை அனுப்பிற்று, கெடு தவறினால் நிர்வாகிகளைக் கேள்வி கேட்டது. 2008 முடிவுக்குள், குடும்ப டாக்டர் சீட்டுக் கொடுத்த நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை பதினெட்டு வாரத்துக்கு மேல் ஆகாது என்ற நிலையைப் பெரும்பாலோருக்கு எட்டினார்கள். பவலின் தத்துவம் பதினெட்டு வாரத்துக்கு அடங்கிற்று.

பிறகு பணம் இறுகிற்று. 2016 பிப்ரவரிக்குப் பின் அந்தக் கெடுவைப் பல ஆண்டுகள் எட்ட முடியவில்லை. கொள்ளைநோய் வந்தது. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் வரிசை 77 லட்சத்தைத் தாண்டிற்று. பழைய கணக்கு படுக்கைக்குக் காத்திருந்தவர்களை மட்டும் எண்ணியது, புதிய கணக்கு சீட்டு வாங்கிய நாள் முதல் எண்ணுகிறது, ஒருவரே இரண்டு இடத்தில் காத்திருப்பதும் உண்டு. ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எப்படி வைத்தாலும் பெரிய வரிசைதான். காப்புறுதிகூட இல்லாதவர்கள் சேமிப்பை உடைத்து மூட்டுக்கும் கண்ணுக்கும் தனியாரிடம் போனார்கள்.

அவர்களை நான் குறை கூறமாட்டேன். இரவெல்லாம் மூட்டு வலியில் விழித்திருப்பவரிடம் போய்ச் சமத்துவம் பேசுவது சுலபமல்ல. தனியாரிடம் போகிறவர் வரிசையில் ஓர் இடத்தைக் காலி செய்கிறார், அதனால் மற்றவருக்கு நன்மைதானே என்று வாதிப்பவர்கள் உண்டு. புதிதாக ஒரு சர்ஜன் முளைத்தால் அது சரி. சர்ஜன் பழைய சர்ஜனே என்றால், அவர் வரிசையிலிருந்து தம்மை மட்டும் எடுத்துச் செல்லவில்லை, சர்ஜனின் ஒரு மணி நேரத்தையும் எடுத்துச் செல்கிறார். இன்னொன்றையும் எடுத்துச் செல்கிறார்: தம் குரலை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவரும், அங்கத்தினரை மடக்கிக் கேள்வி கேட்கத் தெரிந்தவரும் போன பின்பு, வரிசையில் மிஞ்சுவது பொறுமை ஒன்றுதான்.

நம் மத்தியதர வர்க்கம் தர்மாஸ்பத்திரியை விட்டு எப்போது வெளியேறியது என்று தேதி குறிப்பது கடினம். 1983-ல் சென்னையில் அப்போலோ திறந்ததற்கு வெகு முன்பே, தெருமுனை நர்ஸிங் ஹோம் காலத்திலேயே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டோம். உடம்புக்கு வந்தால் நகையை அடகு வைப்பதை இயற்கை நியதி போல ஏற்றுக்கொண்டும் விட்டோம். பிரிட்டிஷ்காரர்கள் வரிசையில் நின்று முணுமுணுக்கிறார்கள், தேர்தலில் அதைக் கேட்கிறார்கள், கேட்டு ஒருமுறை பதினெட்டு வாரமாகக் குறைத்தும் காட்டினார்கள். உரிமை என்று எண்ணியதால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. தர்மம் என்று எண்ணியவரையில் நமக்குக் கோபம் வரவில்லை; காசு சேர்ந்ததும் நாம் அங்கே இல்லை. இன்றும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியற்காலையிலேயே சீட்டுக்காக நிற்பவர்கள் நிற்கிறார்கள். அவர்களும் வரி கொடுப்பவர்கள்தாம் - வாங்குகிற ஒவ்வொரு தீப்பெட்டியிலும், ஒவ்வொரு சோப்புக் கட்டியிலும்.