"வயசாயிடுச்சு": ஒரு வார்த்தையின் வரலாறு

இன்னைக்கு எபிசோடை பழவேற்காட்டுல ஆரம்பிக்கிறேன். எங்க அம்மாவோட ஊர்.

போன வருஷம் தாத்தாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். ஞாபக சக்தி டெஸ்ட். இன்னைக்கு என்ன தேதி? நூறுல இருந்து ஏழு ஏழா கழிங்க. ஒரு வாக்கியம் எழுதுங்க. தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர். மார்க் குறைஞ்சது. "டிமென்ஷியாவா இருக்கலாம்"னு சொல்லிட்டாங்க. வெளிய வந்ததும் அவர் சொன்னாரு: "நாளான்னிக்கு அமாவாசை, மாமாவை வலையைப் பாத்து வைக்கச் சொல்லு."

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. நல்ல மீன்பாடு உள்ள இடங்கள்ல எந்த நாள் யார் வலை கட்டணும்னு குப்பமே முறை வச்சுப் பிரிச்சுக்கும். இன்னைக்கு யார் முறை, அடுத்தது யாருன்னு தாத்தா இன்னும் தப்பில்லாம சொல்வாரு.

அதே தெருவுல சின்னப் பாட்டி. வாழ்நாள் முழுக்க வச்ச மீன் குழம்புக்கு அடுத்து என்ன போடணும்னு தெரியாம அடுப்பு முன்னாடி நிக்கிறாங்க. சாப்பிட்ட அரை மணி நேரத்துல "எனக்கு இன்னும் சோறு போடலையே"ங்குறாங்க. அவங்களை யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. "வயசாயிடுச்சு." அவ்ளோதான்.

ரெண்டுமே தப்பு. ரெண்டு தப்புக்கும் வரலாறு இருக்கு.

1901-ல ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துல அகுஸ்தே டெட்டர் என்ற பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் பரிசோதிச்சார். அப்போ அவங்களுக்கு வயசு 51. 1906-ல அவங்க இறந்தப்புறம் மூளையை மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கிட்ட இழைகள். 1910-ல கிரேப்பலின் தன் பாடப்புத்தகத்துல இதுக்கு அல்சைமர் நோய்னு பேர் வச்சார்.

ஆனா இது நடுவயசுல வர்ற அபூர்வ நோய்னுதான் நினைச்சாங்க. அதே நிலைமை 75 வயசுல வந்தா? "முதுமை." அதாவது எங்க தெரு சொல்ற வார்த்தையைத்தான் ஐரோப்பிய டாக்டர்களும் அரை நூற்றாண்டுக்கு மேல சொல்லிட்டு இருந்தாங்க. 1968-ல நியூகாசில் நகரத்துல பிளெஸ்ஸெட், டாம்லின்சன், ராத் மூணு பேரும் இறந்துபோன முதியவர்களின் மூளைகளை ஆராய்ஞ்சாங்க. உயிரோட இருந்தப்போ டிமென்ஷியா எவ்வளவு கடுமையோ, அவ்வளவு படிவுகள். வயசு எதுவானாலும் நோய் ஒண்ணுதான்னு 1976-ல ராபர்ட் காட்ஸ்மன் அழுத்தமா எழுதினார்.

அப்போ சாதாரண முதுமைன்னா என்ன? என் தொழில் பாஷையில சொல்றேன். டேட்டா இருக்கு, தேடி எடுக்கத்தான் நேரமாகுது. பேர் நாக்கு நுனியில நிக்கும், சாயங்காலம் ஞாபகம் வரும். சொல்வளமும் அனுபவ அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அல்சைமர்ல புதுசா எதுவுமே சரியா சேவ் ஆகாது. அப்புறம் கைப்பழக்கமான வேலையே குழம்பும்.

இனி தாத்தா விஷயம். அவர் எழுதின மாதிரியான டெஸ்ட் 1975-ல அமெரிக்காவுல உருவானது, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களை மனசுல வச்சு. இதைச் சரிபண்ண 1998-ல 10/66 என்ற ஆய்வுக் குழு தொடங்குச்சு. டிமென்ஷியா உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல. ஆராய்ச்சியில அவங்க பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. பேருக்குக் காரணம் அதுதான். சென்னையும் வேலூரும் அதுல ஆய்வு மையங்கள். படிக்காதவங்களுக்கும் பொருந்துற கேள்விகள், கூடவே குடும்பத்துகிட்ட விசாரணை: முன்னாடி என்ன செஞ்சாங்க, இப்போ எது முடியல?

2008-ல முடிவு வந்தது. பழைய அளவுகோல்படி கிராமத்து இந்தியாவுல 65 தாண்டினவங்கள்ல டிமென்ஷியா ஒரு சதவீதத்துக்கும் கீழே. புது முறைப்படி, ஆய்வு நடந்த ஏழு நாடுகள்லயும் 5.6-ல இருந்து 11.7 சதவீதம். நோய் இல்லாம இல்ல, கண்ணுல படல. பழைய முறைக்கு, அன்றாட வேலை கெட்டுப்போச்சுன்னு வீட்டுல யாராவது சொல்லணும். பெரியவங்களுக்கு வேலையே கொடுக்காத வீட்டுல யார் சொல்வா?

தாத்தாவை வேற டாக்டர்கிட்ட காட்டினோம். அவர் மாமாகிட்ட அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். தாத்தாவுக்கு ஒண்ணுமில்ல, காதுதான் மந்தம். அடுத்த வாரம் சின்னப் பாட்டியையும் கூட்டிட்டுப் போனோம். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இதெல்லாம் கூட மறதியைக் கொடுக்கும், சரிபண்ணக் கூடியவை. அதை முதல்ல பார்த்தாங்க. அதெல்லாம் இல்ல. டிமென்ஷியாதான்.

குணமாக்க மருந்து இல்ல. ஆனா "இப்பதானே சாப்பிட்டீங்க"ன்னு அவங்களை யாரும் இப்போ அதட்டுறதில்ல. அடுப்புகிட்ட எப்பவும் ஒருத்தர் கூட நிக்கிறாங்க.