ஸ்கைலைன்: ஒரு சொல்லின் பூர்வீகம்

முதலாமாண்டு ஆங்கில வகுப்பில் ஒருநாள், 'ஸ்கைலைன்' என்றால் என்ன என்று பேராசிரியர் கேட்டார். நான் எழுந்து, "தொடுவானம் சார்" என்றேன். "இல்லய்யா, ஊர்க் கட்டடங்கள் வானத்துல போடுற விளிம்பு. உட்காரு" என்றார். வகுப்பே சிரித்தது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு பெரிய அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நான் சொன்னதும் சரிதான். என்ன, கொஞ்சம் பழைய சரி!

'ஸ்கை' என்பது ஆங்கிலத்துக்கே வந்தேறிச் சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அதற்கு மேகம் என்று பொருள். இங்கிலாந்தில் அண்ணாந்து பார்த்தால் மேகம்தானே தெரியும், அதுவே வானமாகிவிட்டது போலும். 1820களில் 'ஸ்கைலைன்' அச்சில் தலைகாட்டுகிறது. அப்போது அதற்கு மண்ணும் விண்ணும் தொடும் கோடு என்றுதான் அர்த்தம்.

அந்தக் கோட்டைக் கட்டடங்கள் பிடித்துக்கொண்டது நியூயார்க்கில். அங்கே 1846-ல் எழுந்த டிரினிட்டி தேவாலயத்தின் கோபுரம் 281 அடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குப் பல்லாண்டு காலம் அதுவே அடையாளம். பிறகு இரும்புச் சட்டமும் லிஃப்டும் வந்தன. 1890-ல் ஜோசப் புலிட்சர் தன் 'வேர்ல்ட்' நாளிதழுக்கு 309 அடியில் மாளிகை எழுப்பினார். தேவாலயக் கோபுரத்தை ஒரு பத்திரிகை ஆபீஸ் முந்திவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், புதுப் பொருளைப் பரப்பியதும் பத்திரிகைதான். புலிட்சரின் பரம போட்டியாளர் ஹெர்ஸ்ட். அவருடைய 'ஜர்னல்', 1896 மே மாத இணைப்பில் சார்லஸ் கிரகாம் வரைந்த நகரக் காட்சியை 'நியூயார்க்கின் ஸ்கைலைன்' என்ற தலைப்பில் வெளியிட்டது. மறுவருஷமே மாண்ட்கோமரி ஸ்கைலர் என்ற கட்டடக்கலை விமர்சகர், 1881 முதல் 1897 வரை அந்த விளிம்பு மாறிய கதையை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் எழுதினார். கோபுரம் மட்டும் தனியே நின்றவரை அந்தக் காட்சிக்குத் தனிப்பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. வருஷத்துக்கு வருஷம் மாற ஆரம்பித்ததும்தான் பெயர் வேண்டியிருந்தது என்பது என் எண்ணம்.

ஆக, சார் சொன்ன அர்த்தத்தைவிட என் அர்த்தம் சுமார் எழுபது வருஷம் மூத்தது. போய்ச் சொல்லி வம்பு பண்ணலாம் என்றால் சார் இன்று இல்லை.

புலிட்சர் மாளிகையையும் 1955-ல் இடித்துவிட்டார்கள். டிரினிட்டி கோபுரம் வால் ஸ்ட்ரீட் முனையில் இன்றும் நிற்கிறது. கப்பலில் வருகிறவர்கள்தான் அதைத் தேட வேண்டும்.