வித்தும் பதரும்: மக்பெத்தை அடியார்க்குநல்லார் வழியில் படித்தல்

ஓர் அவல நாடகத்தைப் பாடமாக எடுப்போர் அதை மூன்றாகப் பிரித்துப் படிக்கிறார்கள். கதைப்பின்னலுக்கு ஒரு குறிப்பு, பாத்திரப் பண்புக்கு இன்னொன்று, உவமை உருவகத்துக்குக் கடைசியாக ஒன்று. பரீட்சைக்கு இது வசதிதான். ஆனால் இப்படிப் படித்தவருக்கு உருவகம் கதை முடிந்தபின் சேர்த்த அலங்காரமாகவே தெரியும். சேக்ஸ்பியரின் மக்பெத்தைக் கொண்டு நான் நிறுவ முயல்வது இதற்கு மாறானது. கதை எங்கே முளைத்தது, எங்கே முற்றியது என்பதை அந்த நாடகத்தின் உருவகங்களே சொல்லிவிடுகின்றன. அதைக் கேட்பதற்கு வேண்டிய இலக்கணம் அடியார்க்குநல்லாரின் சிலப்பதிகார உரையில் இருக்கிறது.

அந்த இலக்கணத்தைச் சேக்ஸ்பியரோடு முதலில் இணைத்தவர் நம் கரையோரத்தவர். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார் எழுதிய மதங்க சூளாமணியை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1926இல் வெளியிட்டது. சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டுகளாக நிறுத்திய நூல் அது. இலக்கணத்துக்கு அடிகளார் அரங்கேற்று காதை உரையையும் தனஞ்சயரின் தசரூபகத்தையும் துணைக்கொண்டார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்து சந்திகளுக்கு, அதாவது கதை வளரும் கட்டங்களுக்கு, அடியார்க்குநல்லார் தரும் விளக்கம் முழுவதும் வயலில் நடக்கிறது. உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். உள்ளே பொருள் பொதிந்து கருக்கொள்வது கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்துப் போரிட்டுத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வேளாண்மை வெட்டிச் சூடடித்துப் பழகிய களுதாவளையாருக்கு இந்த உரைக்கு வேறோர் உரை வேண்டியதில்லை.

இதை மக்பெத்தின் ஐந்து அங்கங்களின் மேல் வைத்துப் பார்ப்போம். முதல் அங்கத்தில் சூனியக்காரிகளைக் கண்டதும் பாங்கோ, காலத்தின் விதைகளில் எது முளைக்கும் எது முளைக்காது என்று சொல்ல வல்லவர்களா என்று கேட்கிறான். அடுத்த காட்சியிலேயே மன்னன் டங்கன், மக்பெத்தைத் தான் நடத் தொடங்கியிருப்பதாகவும் வளர்த்தெடுப்பதாகவும் வாக்களிக்கிறான். நட்டவனையே நட்ட பயிர் கொல்வது இரண்டாம் அங்கம். கொலையையே நாடகத்தின் உச்சமாகக் கொள்வது மாணவர் வழக்கம். சந்திக் கணக்கிலோ அது நாற்றுப் பருவம், இனிமேல்தான் பயிரே. மூன்றாம் அங்கம் கருக்கொள்ள வேண்டிய இடம், நம்மவர் சொல்லும் குடலைப் பருவம். சரியாக அங்கேதான் மக்பெத் தன் முடி கனியற்றது, தன் செங்கோல் மலடு என்று புலம்புகிறான். அரசாளப்போவது பாங்கோவின் வித்து. உள்ளே பொதிய வேண்டிய இடத்தில் பதர். நான்காம் அங்கத்தின் இறுதியில் மால்கம், மக்பெத் உலுக்கி விழுத்தும் பதத்துக்குப் பழுத்துவிட்டான் என்கிறான். விளைவுச் சந்திக்கு இதைவிடப் பொருந்திய சொல்லை அடியார்க்குநல்லாரே தந்திருக்க மாட்டார். ஐந்தாம் அங்கத்தில் மக்பெத் தன் வாழ்வு பழுத்த இலையாய் உலர்ந்ததைச் சொல்கிறான், பயங்கரங்களை வயிறார உண்டுவிட்டதாகவும் சொல்கிறான். துய்த்தல் நடந்தேவிட்டது.

பாத்திரப் பண்பும் இதிலிருந்தே விளங்குகிறது. கணவன் கோழை, மனைவி கொடியவள் என்ற வாய்பாட்டில் எனக்கு உடன்பாடில்லை. இருவரையும் பிரிப்பது ஓர் அறிவு. செய்கை செய்ததோடு முடியாது, கலந்த நஞ்சு கலந்தவன் வாய்க்கே திரும்பும் என்று கொலைக்கு முன்பே மக்பெத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அவளோ கொஞ்சம் தண்ணீரில் கைகழுவினால் தீரும் என நம்புகிறாள். விளைவை அறியாமல் விதைத்தவள் தூக்கத்தில் நடந்து கை கழுவிக் கழுவி மாய்கிறாள். அறிந்தே விதைத்தவன் விழித்திருந்து உண்கிறான். அவலம் அவளைவிட அவனிடம் கனப்பது இதனால்தான்.

இங்கே வலுவான மறுப்பொன்று எழும். சந்தி இலக்கணம் தலைவன் கருதிய பயனை அடையும் நாடகங்களுக்கு உரியது. அடியார்க்குநல்லாரும் உண்டு மகிழ்வதோடுதானே முடிக்கிறார்? உண்மை. ஆனால் துய்த்தல் என்ற சந்தி பயன் வந்து சேர்வதை மட்டுமே கேட்கிறது. வந்தது இனிப்பா கசப்பா என்பதை வித்துத் தீர்மானிக்கிறது. வினைப்பயன் நுகர்ந்தே தீரவேண்டும் என்று நம்பும் மரபுக்கு இது புதிதுமன்று. 1960களில் சி. மௌனகுரு எழுத, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய இராவணேசன், நம் வடமோடிக் கூத்து ஒரு மாவீரனின் வீழ்ச்சியைத் தாங்கும் என்பதைக் காட்டியது. மக்பெத்திலும் மகிழ்வோர் இல்லாமலில்லை. இறுதியில் மால்கம் புதிதாக நடவேண்டியவற்றைப் பற்றிப் பேசுகிறான், வயல் கைமாறிவிட்டது.

பயிர் உவமை எந்த நாட்டிலும் உண்டே, இரண்டும் ஒத்துப்போவது தற்செயல்தானே என்று கேட்கலாம். ஆம், தற்செயல்தான். ஸ்கொட்லாந்து மன்னன் கதையை 1606 அளவில் நாடகமாக்கியவர் அடியார்க்குநல்லாரைக் கண்டவரல்லர். கடன் காட்டுவது என் நோக்கமன்று. எந்த உருவகம் கதையின் எந்தக் கணுவில் விழுகிறது என்று பார்க்க இந்த இலக்கணம் நம்மைப் பழக்குகிறது என்பதே வாதம். எல்லா உருவகமும் இதற்குள் அடங்குவதில்லை. கரொலைன் ஸ்பர்ஜன் 1935இல் எடுத்துக்காட்டிய உடை உருவகங்கள், அளவு பொருந்தாத அரச ஆடைக்குள் மக்பெத் சிறுத்துத் தெரிவது, கதையை விடப் பாத்திரத்தையே அளக்கின்றன. எல்லா அவலமும் அடங்குவதுமில்லை. ரோமியோ ஜூலியட் நாடகத்தில், அடிகளார் இரம்மியன், சுசீலை என்று பெயரிட்ட காதலர் சாவது அவர்கள் விதைத்ததால் மட்டுமன்று. கொள்ளைநோய்த் தடையால் ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை. அது விளைந்து கெட்ட வேளாண்மையன்று, மாரி வெள்ளம் கொண்டுபோனது. அந்த நாடகத்தை வித்தையும் விளைவையும் கொண்டு அளக்கப் புகுந்தால், காதலர் தலையில் இல்லாத குற்றமொன்றைச் சுமத்த நேரும்.