வீணாய்ச் சுழன்ற சக்கரம்

காரை மாற்றியமைக்கும் இளையர்கள் முதலில் கேட்பது குதிரைத் திறனைத்தான். வரலாறு வேறு பாடம் சொல்கிறது, நேயர்களே.

வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். அதற்காக 1820களில் பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் பெக்கர் நீராவி வண்டிக்கு டிஃபரென்ஷியல் அமைத்தார். ஆனால், ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் அது வீணாய்ச் சுழலும். மற்றதற்கும் உந்துவிசை குறைந்துவிடும்.

ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த 16 சிலிண்டர் ஆட்டோ யூனியன் பந்தயக் காரில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு பின்சக்கரம் இப்படிச் சுழன்றது. 1935இல் ஸெட்எஃப் நிறுவனம் தீர்வு தந்தது: சக்கரங்களின் வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்.

இன்று அதைப் பட்டறையில் பொருத்துவோரே, கவனம்! பல்சக்கர இடைவெளியை அளந்து பொருத்துங்கள். அதற்குரிய எண்ணெயையே ஊற்றுங்கள். மழைச் சாலை வளைவில் வேகமாக மிதித்தால் இரு பின்சக்கரங்களும் சேர்ந்தே வழுக்கலாம். பிடிப்பை மீறிய சக்தி ஆபத்துதான்.