வல்லும் வட்டும்: பலகை விளையாட்டின் தமிழ் மரபு

விளையாட்டு என்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. அதிலும், வளர்ந்த பின்னரும் ஒருவர் பலகையை விரித்துப் பகடை உருட்டினால் அவரை ஏளனமாக நோக்குவதே வழக்கமாயிற்று. அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றோர் ஆட்டத்தை வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக மாறி, பகடை காட்டும் எண்ணுக்கேற்பக் கதையை வளர்த்துச் செல்வதே அதன் இயல்பு. இத்தகைய ஆட்டங்களில் ஈடுபாடுடையோர் கூடும் பெருவிழாக்களும் அந்நாட்டில் 1968 முதல் நடைபெற்று வருகின்றன. படக்கதை மாந்தரைப் போல் வேடம் புனைந்து ஆர்வலர் திரளும் ‘காமிக் கான்’ விழா 2024ஆம் ஆண்டில் சென்னைக்கும் வந்தது. இவையெல்லாம் மேனாட்டு மோகம் என்று முதியோர் கடிந்துரைக்கக் கேட்கின்றோம். அக்கூற்று வரலாற்றோடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் ‘வல்’ என்னும் சொல்லின் புணர்ச்சிக்கு விதி கூறுகின்றார். வல் என்பது சூதாடு கருவியைக் குறிக்கும் பழஞ்சொல். அதனோடு ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்கள் வந்து சேருமிடத்து நிகழும் மாற்றத்தைத் தனியே எடுத்தோதுகின்றார். ஈண்டு நாய் என்றது ஆட்டக்காயை. ஆட்டக்காய்க்கும் ஆட்டப்பலகைக்கும் இலக்கண நூலார் தனிவிதி வகுக்க வேண்டியிருந்தது எனின், அச்சொற்கள் மக்கள் நாவில் எத்துணைப் பயின்றிருந்தன என்பது சொல்லாமலே விளங்கும். கீழடி அகழாய்வில் கிடைத்த யானைத் தந்தப் பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும், வட்டுச் சில்லுகளும் இலக்கியச் சான்றுக்கு மண்ணுக்குள்ளிருந்து வந்த துணைச்சான்றுகளாகும்.

நற்றிணையின் மூன்றாம் பாடலில் இளங்கீரனார் ஒரு காட்சியைத் தீட்டுகின்றார். வேப்பமர நிழலில், பொன்னுரைக்கும் கட்டளைக்கல்லை ஒத்த அரங்கைத் தரையில் கீறிச் சிறுவர் நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். பொருள்தேடிப் பிரிய நினைக்கும் தலைவனின் பாலைவழியில் புலவர் இவ்விளையாட்டை வைத்துள்ளமை நோக்கத்தக்கது. சிறுவர்க்கு வட்டு எனின் முதியோர்க்கு வல். ஊர்ப் பொதியிலில் நரைத்த முதியோர் காய் வைத்து ஆடி ஆடிப் பலகை குழிந்துபோன செய்தியைப் புறநானூற்று 52ஆம் பாடல் தருகின்றது. போரினால் அவ்வூர் பாழ்பட, அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றதாம். அகநானூற்று 377ஆம் பாடலிலோ, மக்கள் நீங்கிய பொதியிலில் வல்லின் அழகு கெட்டுக் கிடக்கச் சிதல் அரித்துக்கொண்டிருக்கின்றது. ஓர் ஊர் அழிந்தது என்பதைக் காட்டப் புலவர் இருவர் ஆளற்ற ஆட்டப்பலகையைத் தேர்ந்தனர். ஆட்டம் நடக்கும் ஊரே உயிருள்ள ஊர் என்பது அவர்தம் துணிபு எனலாம்.

கவிஞர்கள் நிறைந்த நம் அவைக்கு மிகவும் உகந்த செய்தி புறநானூற்று 43ஆம் பாடலில் உள்ளது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடினர். புலவர் காயொன்றைக் கைக்குள் மறைத்தார். சினங்கொண்ட இளவரசன் வட்டை அவர்மீது எறிந்தான். ‘நீ சோழன் மகன் அல்லை’ என்று புலவர் கூறிவிட்டார். எறிந்த கைக்குரியவன் நாணித் தலைகுனிந்தான். பிழை செய்தவர் தாமாகவும், தானே பிழைத்தவன்போல் நாணிய அவன் பெருந்தன்மையைக் கண்டு நெகிழ்ந்து புலவர் அவனை வாழ்த்திப் பாடினார். அரசமகனும் பாவாணரும் ஒரே அரங்கின் இருபுறமும் அமர்ந்தனர். அங்கே இருவர்க்கும் விதி ஒன்றே. புலவரே மீறினும் அது மீறலே என்று நம் இலக்கியம் ஒளிக்காமல் பதிந்து வைத்துள்ளது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்துக் கடியவில்லையா? கடிந்தார், ஐயமில்லை. அவர் கடிந்தது பொருளை வைத்திழக்கும் வேட்கையை. வேப்பநிழல் வட்டும், பெண்டிர் திண்ணையில் ஆடும் பல்லாங்குழியும் அக்கடிதலுக்கு உட்பட்டவை அல்ல. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று புலியை நகரவொட்டாமல் அடைக்கும். எளியோர் ஒன்றுபட்டால் வலியோரை நிறுத்தலாம் என்பதை ஒரு சொல்லும் இன்றிச் சொல்லும் ஆட்டம் அது.

நம் உத்திரமேரூரை ஈண்டு நினையாதிருத்தல் இயலாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும் என்பது விதி. குடவோலை விளையாட்டன்று, ஆட்சிமுறை. அதுவும் நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்கே உரியதாய் இருந்தது. எனினும் தற்செயலை விதிக்குள் அடக்கி ஆளும் கலையை இவ்வூரார் அறிந்திருந்தனர். தாமப்பல் கண்ணனாரின் மறைத்த கையையும் மத்தியஸ்தனின் விரித்த கையையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழில் விதி என்னும் ஒரு சொல்லே ஊழையும் ஒழுங்கையும் குறிப்பதன் நயம் அப்போது புலப்படும்.

விதி கெட்டால் நேர்வதைக் கூறுவது பாரதக்கூத்து. நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் சகுனியின் பகடை உருளும் இரவில், முடிவை முன்பே அறிந்தவர்களே பாய் விரித்து விடியும்வரை அமர்ந்திருப்பர். எந்த வேடம் யார் கட்டினால் சிறக்கும் என்று வாதிடுவர். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் வீழ்த்தப்படும்போது கதையும் வாழ்வும் ஒன்றாகிவிடும். வேடத்திலும் கதையிலும் தோய்ந்து கூடும் இவ்வார்வலர்க்கும் காமிக் கானில் திரளும் இளைஞர்க்கும் வேறுபாடு உடையில்தான், உள்ளத்தில் அன்று.

எனவே பலகையைச் சுற்றி அமரும் இளைஞர் அயலார் பண்பாட்டைக் கடன் வாங்கியவர் அல்லர். தாம் அறியாமலே பழைய பொதியிலுக்குத் திரும்பியவர். அவர்கள் கையில் ஆட்டம் இருக்கின்றது, சொற்கள்தாம் இல்லை. வல், வட்டு, கவறு, நாய் என்பன உரையாசிரியர் ஏட்டில் உறங்குகின்றன. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலில் பல ஆட்டங்களைத் தொகுத்தளித்தார். அப்பணி ஊர்தோறும் தொடரப்பட வேண்டியது. பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் வட்டம், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் மூதாட்டியர் நாவில் எஞ்சியுள்ள ஆட்டச் சொற்களைத் திரட்டி வெளியிட முன்வருதல் நலம். அம்மூதாட்டியர் பலர் எண்பதைக் கடந்தவர்கள். சிதல் அரிக்குமுன் பலகையைக் கையிலெடுப்பது நம் கடன்.